வீக்கத்துக்கு நல்லது

பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த வழவழப்பை விரலால் வழித்த குருவிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

வெந்நீருக்கு ஃபிளாஸ்க் தேடித்தான் அண்ணியின் சமையலறைக்கு வந்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. உள்ளறையில் அண்ணன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, மேடேறும் பழைய வண்டி மாதிரி ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணி பைக்குள் துண்டையும் துணிமணியையும் திணிக்கும் சத்தம் கேட்டது. ஃபிளாஸ்க் அகப்பட்டது. அதை அலம்ப இடம் பண்ணுவதற்காகத் தொட்டியில் கிடந்த சின்னப் பாத்திரத்தை நகர்த்தப் போனவளின் விரல் அதற்குள் போய்விட்டது.

கஞ்சிப் பசை இப்படி இருக்காது. இது விரலுக்கும் விரலுக்கும் நடுவே இழை இழையாக நீண்டது. குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினாள். கரையவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உப்பியது.

அவளுக்கு இது தெரியாத பொருள் இல்லை. வருஷக்கணக்காகக் கையுறை மாட்டிக்கொண்டு இதோடுதான் மல்லுக்கட்டுகிறாள். காட்டு ஆர்க்கிட் கிழங்கு.

குருவி என்பது அண்ணன் வைத்த பெயர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சின்னப் பெண்ணை வீட்டில் தனியே விட மனம் வராமல், பள்ளிக்கூடம் விட்டதும் தான் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்வார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கைதான் அவள் படிப்பு மேஜை. கடைசி ட்ரிப் வரை அவர் காதுக்குப் பக்கத்தில் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே வருவாள். இப்போது அவளுக்குத் தலையில் பாதி நரை. தாவர வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் மேடம். காட்டு ஆர்க்கிட் கிழங்குகளில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. மலையில் இருப்பவர்கள் அந்தக் கிழங்கை அரைத்துப் புண்ணில் பூசுகிறார்கள். பாலில் காய்ச்சி இருமலுக்குக் குடிக்கிறார்கள். படுத்து எழுந்தவனுக்குத் தெம்பு வர ஊட்டுகிறார்கள். அதற்கெல்லாம் காரணம் கிழங்கில் இருக்கிற எந்தப் பொருள் என்று அவளும் அவள் கூட்டாளிகளும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலில் முதல் தொந்தரவே இந்த வழவழப்புதான். இதை வடிகட்டி ஒதுக்கினால்தான் உள்ளே இருக்கும் சரக்கு கைக்கு வரும். எத்தனையோ வாளி வழவழப்பை அவள் தொட்டியில் கொட்டியிருக்கிறாள்.

அலமாரியைத் திறந்தாள். மாவு டப்பாக்களுக்குப் பின்னால், பழைய காப்பித்தூள் பாட்டிலில் பாதிக்கு இருந்தது. வெட்டிக் காயவைத்த துண்டுகள். நகம் மாதிரி மங்கிய மஞ்சள். ஒவ்வொரு கிழங்கும் ஒரு செடி. தோண்டினால் செடி போயிற்று. பாட்டிலுக்குள் ஒரு மலைச்சரிவே காலியாகிக் கிடந்தது.

"அண்ணி, இது என்ன?"

அண்ணி வாசலில் வந்து நின்றாள். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். காலையில் எதையோ தைக்க உட்கார்ந்தவள் அப்படியே எழுந்து ஓடிவந்திருக்க வேண்டும். இஞ்ச் டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுவா... கஞ்சிக்குப் போடுறது."

"என்ன கஞ்சி?"

"சத்துக் கஞ்சி. இப்ப அதையெல்லாம் எதுக்கு நோண்டுற? வண்டி வந்திரும், ஃபிளாஸ்க்க எடு."

அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டாள். தெருமுனையில் சைரன் கேட்டது. குருவி பாட்டிலை மூடித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டைகளையும் வாரி அதிலேயே போட்டாள்.

ஆம்புலன்ஸுக்குள் அண்ணனுக்கு ஆக்ஸிஜன் மாட்டியதும் கொஞ்சம் தெளிச்சல் வந்தது. முகமூடியை விலக்கி, "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறான் பாரு," என்றார். "இந்த வண்டி வருஷம் தாங்காது."

"பேசாம வாங்கண்ணா."

"நீ என்னைப் பேசாம வரச் சொல்றியா? காலம்டா சாமி."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கால்கள் முழங்கால் வரை உருண்டு, தோல் மினுமினுத்தது. அண்ணி கட்டைவிரலை எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்து, விழுந்தபடியே இருந்தது.

குருவிக்குக் கண் அண்ணன்மேல் இருந்தது; மனசு கைப்பைக்குள் இருந்தது. முழுக் கிழங்காக இருந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். வெட்டிக் காயவைத்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். செங்காந்தளின் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பார்கள், அதுவும் அப்படித்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிய மூட்டையிலேயே ஒரு தடவை அது கலந்து வந்திருக்கிறது. தோண்டுகிறவன் கவனமாகத் தோண்டினாலும் விற்கிறவன் எடை கூட்டுவதற்குக் கையில் கிடைத்ததைச் சேர்த்துவிடுவான். அது நல்ல ஆளையே சாய்த்துவிடுகிற விஷம். முதலில் வயிறு, பிறகு கிட்னி, பிறகு மூச்சு என்று ஒவ்வொன்றாக நிறுத்தும். இதயம் பாதி ஓய்ந்துபோன மனிதருக்கு எவ்வளவு போதும்?

"வாந்தி எடுத்தாரா அண்ணி? வயித்தால போச்சா?"

"இல்லியே. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

அண்ணி ஒரு கணம் கைப்பையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத்துக்காக அவரை வழக்கமாகப் பார்க்கிற பெண் டாக்டர் அன்று பணியில் இருந்தது ஒன்றுதான் நல்லது. ரத்தப் பரிசோதனை வந்ததும் அவள் திரைக்கு வெளியே வந்து இருவரையும் கூப்பிட்டாள்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டாரா?"

"ஒரு வேளை தவறல டாக்டர்," என்றாள் அண்ணி.

"போன தடவை அந்த மாத்திரைக்கு நல்லா நீர் பிரிஞ்சுது. இப்போ உடம்பு பூரா தண்ணி தேங்கிக் கிடக்கு. கிட்னியும் அடிவாங்கியிருக்கு. இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகியிருக்கக் கூடாது." டாக்டர் நிறுத்தினாள். "வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, கை வைத்தியம், யாராவது சொன்னாங்கன்னு..."

"இல்ல," என்றாள் அண்ணி.

சட்டென்று வந்த பதில். சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். டாக்டர் உள்ளே போகத் திரும்பினாள். அண்ணியைப் பொய்க்காரி ஆக்க வேண்டும், அதுவும் முகத்துக்கு நேராக. ஆனால் உள்ளே கிடப்பவர் அண்ணன்.

"டாக்டர், ஒரு நிமிஷம்." பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இது குடுத்திருக்காங்க. ஆர்க்கிட் கிழங்குன்னு நினைக்கிறேன். அதா இருந்தா பயம் இல்ல. அதே மாதிரி இருக்கிற வேற ஒண்ணா இருந்தா விஷம்."

அண்ணி டேப்பைச் சுற்றிய விரல் நுனி ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது.

"எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"என் லேப்ல பாத்திரலாம். இங்கிருந்து பக்கம்தான்."

"அப்போ போங்க. விஷம்னா நான் பண்ற வைத்தியமே வேற. தெரியாம எதையும் ஏத்த முடியாது."

போகும் முன் திரையை விலக்கிப் பார்த்தாள். அண்ணன் விழித்திருந்தார். பக்கத்தில் போனதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை. கை வைத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாட்டில எடுத்திட்டியா?"

"எடுத்திட்டேன்."

"அவள ஒண்ணும் சொல்லாத. நான்தான் கேட்டேன்."

"யாரையும் ஒண்ணும் சொல்லல. இதோ வந்துர்றேன்."

"சொல்லாத," என்றார் மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டார்.

விடுமுறை நாள். ஆய்வுக்கூடத்துக் காவலாளி சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. விளக்குகளைப் போட்டாள். பாட்டிலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இடித்தாள். கையடக்கக் கல்லுரலில் குழவி படும் சத்தம் காலி அறையில் பெரிதாகக் கேட்டது. பொடியை மெத்தனாலில் கலக்கிக் குலுக்கி, வடித்து, வெள்ளை பூசிய தகட்டின் அடி ஓரத்தில் ஊசிமுனைச் சொட்டுகளாக வரிசையாய் வைத்தாள். கடைசிச் சொட்டு அவர்களுடைய சொந்தச் சாறு. சந்தேகமில்லாத ஆர்க்கிட் கிழங்கிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தது. தகட்டை ஜாடிக்குள் நிறுத்தி மூடினாள்.

இனிமேல் அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஜாடியில் இருக்கிற திரவம் தகட்டில் தானாக ஊறி ஏற வேண்டும். அது தன் இஷ்டத்துக்குத்தான் ஏறும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பொறுமை இல்லாமல் பாதியில் எடுத்துவிடுவார்கள். அவர்களை அவள் திட்டாத நாள் இல்லை. இன்று அவளே மூடியில் கை வைத்துவைத்து எடுத்தாள். போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். அடிக்கவில்லை. அடிக்கவில்லையே என்றும் இருந்தது, அடித்துவிடுமோ என்றும் இருந்தது.

காத்திருக்கும் நேரத்தில் மீதிச் சாறில் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கலப்பைக் கிழங்காக இருந்தால் பளிச்சென்று மஞ்சள் ஏறும். ஏறவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒரு குழாயில் லேசாக மஞ்சள் தட்டின மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஜன்னல் திரையின் நிறம்.

தகட்டை எடுத்துக் காயவைத்து, கறுப்புப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் அடியில் வைத்துக் குனிந்தாள். புள்ளிகள் ஒளிர்ந்தன. ஊதாவும் நீலமுமாக, ஒரே உயரத்தில், ஒரே வரிசையில். அவள் பல வருஷமாகப் பின்னால் அலைகிற பினாந்த்ரீன் என்ற சேர்மங்கள் அவை. அண்ணியின் பாட்டிலிலிருந்து வந்த புள்ளிகளுக்கும் ஆய்வுக்கூடத்துப் புள்ளிக்கும் வித்தியாசமே இல்லை. சுத்தமான சரக்கு. ஒரு துண்டுகூடக் கலப்படம் இல்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரின் எண்ணுக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழக்கத்தில் கல்லுரலைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். உரலில் மிச்சம் இருந்த பொடி அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு திரண்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு மேலே எழும்பிற்று. எத்தனையோ தடவை பார்த்ததுதான். இத்தனை நாளும் வேண்டாத பொருளாகப் பார்த்தாள். இன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது.

டாக்டர் ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மாத்திரைக்கு நல்லா நீர் பிரிஞ்சுது.

போனை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். அட்டைகளில் நீர் பிரியும் மாத்திரையைத் தேடி எடுத்தாள். ஒன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டாள். அவள் அடுத்ததைப் பிரிப்பதற்குள் அது சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து கலங்கிவிட்டது. இன்னொன்றை உரலுக்குள், அந்தக் கூழுக்கு நடுவே அழுத்தினாள். அது முழுசாக இருந்தது. குனிந்து பார்த்தாள். விளிம்புகூடக் கரையவில்லை. உரலைச் சாய்த்தாள். மாத்திரை கூழோடு சேர்ந்து ஒரே கட்டியாக, உரலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. டாக்டர் இல்லை. அண்ணி.

"அண்ணி, அது விஷம் இல்ல. டாக்டர்கிட்ட சொல்லுங்க, நல்லா பாத்திட்டேன், விஷமே இல்ல. நான் இப்பவே கிளம்பிட்டேன்..."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி உருளும் சத்தம். பிறகு அண்ணியின் குரல், ரொம்ப நிதானமாக.

"அவசரம் ஒண்ணும் இல்ல குருவி. மெதுவா வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது திரையை முழுக்க விலக்கிவிட்டிருந்தார்கள். ஒயர்களை எடுத்த இடத்தில் மார்பில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. முகத்தில் சிரமம் எதுவும் இல்லை. குருவி கிட்டே போய் நின்றாள். சத்தம் போட்டு அழ வேண்டும் என்று இருந்தது. உள்ளே எதுவோ ஒன்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததில் அழுகைக்கு வழி கிடைக்கவில்லை.

டாக்டர் அவளை நடைபாதையின் கோடிக்கு அழைத்துப் போனாள். குருவி எல்லாவற்றையும் சொன்னாள். புள்ளிகளைச் சொன்னாள். கூழைச் சொன்னாள். மாத்திரை கரையாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கலாம்," என்றாள் கடைசியில். "இல்லாமலும் இருக்கலாம். இந்த அளவுக்கு இதயம் சோர்ந்துட்டா குடலும் வீங்கிப்போகும். அப்பவும் மாத்திரை உடம்புல சேராது. ரெண்டுல எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"அது மட்டும் இல்லேன்னா..."

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். அதுவும் நிச்சயம் இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அவங்ககிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நீங்க வீட்டு மனுஷி. உங்க இஷ்டம்."

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குருவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பெயின்ட் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"விஷம் இல்லேன்னு சொன்னியே. நெசமாவா?"

"நெசமா. நல்ல கிழங்கு அண்ணி. கலப்படம் இல்லாத சரக்கு."

அண்ணி பெரிதாக மூச்சை விட்டாள். "அந்த டாக்டர் கேட்டப்போ எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. பொய் சொல்லிட்டேன். நீ எடுத்துக் குடுத்தியே, அதுவே நல்லது." இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். "உங்கண்ணன், கூட வண்டி ஓட்டினானே ஹாரன், அவன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னார். அவன்தான் மலைக்குப் போற பஸ்ல இன்னும் ஓடிக்கிட்டிருக்கானே."

"யாரு இத அவருக்குச் சொன்னது?"

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள்.

"நீதானே சொன்ன?"

"நானா?"

"வீடியோல. லேப்ல நின்னுக்கிட்டு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு. தினம் ஒரு தடவையாவது போட்டுப் பாப்பாரு. வர்றவன் போறவன் எல்லாருக்கும் காட்டுவாரு. துணி தைக்க வர்ற பொம்பளைங்ககூடத் தப்பிக்க முடியாது. அதுல சொல்லுவியே, இந்தக் கிழங்குல இருக்கிறது வீக்கத்தைக் குறைக்கும்னு."

குருவிக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. கேமராவோடு வந்திருந்த பெண், 'அழற்சின்னா யாருக்கு மேடம் புரியும்? மக்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்களேன்' என்றாள். காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, தடித்துக்கொள்வதைத்தான் அவள் சொல்ல வந்தாள். அதுவும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. அழற்சி என்பதை எடுத்துவிட்டு, வீக்கம் என்று சொன்னாள். அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இதயம் தள்ள முடியாமல் காலில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கும் ஊர் வைத்திருக்கிற பெயர் வீக்கம்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன், குருவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுப்போம்னு," என்றாள் அண்ணி. "வேண்டாம்னுட்டார். கால் வத்தினப்புறம் அவ வர்றப்போ ஷூ மாட்டிக்கிட்டுப் போய்க் கதவைத் திறப்பேன், அப்ப அவ மூஞ்சியப் பாக்கணும்னார். அதுக்குத்தான் மறைச்சோம். வேற ஒண்ணும் இல்ல."

குருவி தரையைப் பார்த்தாள்.

"வேற எதுவும் அவருக்கு இறங்கல குருவி. அந்தக் கூழ் ஒண்ணுதான் தங்குச்சு. மாத்திரையக்கூட அதுல வச்சுதான் குடுப்பேன். தொண்டையில சிக்காம வழுக்கிட்டு உள்ள போயிரும். முன்னெல்லாம் அந்த மாத்திரை போட்டா ஓயாம எழுந்து எழுந்து பாத்ரூம் போவார். மனுஷனுக்குத் தூக்கமே இருக்காது. இது ஆரம்பிச்சப்புறம் அந்தத் தொல்லை இல்ல. அசந்து தூங்கினார். நானும் சந்தோஷப்பட்டேன், உடம்பு தேறுதுன்னு."

நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போய் முடியும் வரை அண்ணி காத்திருந்தாள்.

"நான் எதுவும் தப்பா பண்ணலயே?"

இந்த ஒரு நாளில் அவள் கண்டுபிடித்தது முழுக்க அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

"நீங்க அவருக்கு ஊட்டினீங்க அண்ணி," என்றாள். "வேற யார் பண்ணுவா?"

அண்ணி தலையை ஆட்டினாள். அந்தப் பதில் போதுமா போதாதா என்று அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தகவல் தெரிந்து டிப்போவிலிருந்து பழைய ஆட்கள் வந்து தெருவோரம் நின்றிருந்தார்கள். ஹாரன் மட்டும் தள்ளி, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றான். எந்நேரமும் ஹாரனில் கை வைத்தே வண்டி ஓட்டியதால் அண்ணன் வைத்த பெயர். ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவர் அவர். குருவியைக் கண்டதும் ஹாரன் அவசரமாக வந்தான்.

"அந்தக் கிழங்கு... நான்தாம்மா வாங்கிட்டு வந்து குடுத்தேன். அதனால ஏதும்..." வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"இல்ல அண்ணா. அது நல்ல கிழங்கு. நானே பாத்தேன்."

இரண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாக வந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டு கம்பத்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

உள்ளே அண்ணனைக் குளிப்பாட்டித் துடைத்துக் கிடத்தியிருந்தார்கள். டிப்போக்காரர்கள் உடுத்திவிட முன்வந்தார்கள். "நீங்க வெளிய இருங்க, நானும் குருவியும் பாத்துக்குறோம்," என்று அண்ணி அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து அவருடைய நீல யூனிஃபாரத்தை எடுத்தாள். அவளே தைத்தது. வேலையை விட்ட பிறகும் தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

சட்டை சிரமம் இல்லாமல் ஏறியது. பேன்ட் முழங்காலுக்கு மேல் வரவில்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். துணி தொடையில் இறுகி நின்றது.

"வேற ஏதாவது போடலாமா அண்ணி? லூசா ஏதாவது..."

"வேண்டாம். இதான்."

அண்ணி பேன்ட்டைக் கழற்றி வெளிப்புறம் உள்ளாகத் திருப்பினாள். முன்னறைக்குப் போய்த் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் பிடி," என்றாள். குருவி பிடித்தாள். பக்கவாட்டுத் தையலில் கத்தி முனை நுழைந்தது. இழை ஒவ்வொன்றாக டிக், டிக் என்று விட்டுக்கொடுத்தது. வெளியே யாரோ செருமினார்கள். யாரோ மெதுவாகப் பேசினார்கள்.

"இழுத்துப் பிடி. துணி தொய்யக் கூடாது."

குருவி இழுத்துப் பிடித்தாள். அண்ணியின் குனிந்த தலையை, வகிட்டை, அசையாத கையைப் பார்த்தாள். இப்போது அறையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணி."

"ம்?"

கத்தி நின்றது. அண்ணி நிமிரவில்லை. காத்திருந்தாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருந்ததோ என்னவோ, மூச்சுகூட விடாமல் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இங்க... இன்னும் கொஞ்சம் பிரிக்கணும் போல."

"ம்," என்றாள் அண்ணி. கத்தி மறுபடி நகர்ந்தது.

இரண்டு காலையும் இடுப்பு வரை பிரித்து, உள்ளே மடங்கிக் கிடந்த துணியை வெளியே விட்டு, ஓரத்தில் மெலிசாகக் கைத்தையல் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்தத் தடவை பேன்ட் வீங்கிய காலின் மேல் தடையில்லாமல் ஏறியது. வெயிலிலும் தோய்ப்பிலும் வெளுத்துப்போன நீலத்துக்கு நடுவே, இத்தனை வருஷம் தையலுக்குள் இருந்த துணி மட்டும் கடையில் வாங்கிய நாளின் நிறத்தில் இருந்தது. இரண்டு காலிலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு கருநீலக் கோடு.

அண்ணி அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சுருக்கம் போக ஒரு தடவை நீவிவிட்டாள்.

"இப்ப இறுக்காது," என்றாள்.